சொத்தைக் கத்தரிக்காய் தின்றவரின் புள்ளி

கத்தரிக்காயைப் பரிசோதித்தால் மட்டும் போதாது, தின்றவர்களையும் பரிசோதிக்க வேண்டும் என்று சந்தை ஆய்வகத்தில் முடிவானது. காலையிலிருந்து ஊர் ஜனம் கூடைகளில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

இசக்கியம்மாள் ஒவ்வொருவர் மேலும் ஒளியைப் பாய்ச்சினாள். திரும்பி வரும் ஒளியில் எந்த நிறம் குறைகிறது என்று பார்த்தால், உடம்பில் தங்கிய பூச்சிமருந்தின் அளவு தெரிந்துவிடும். ஆளுக்கொரு புள்ளி சுவரில் விழுந்தது; தின்றது கூடினால் வலப்பக்கம், மருந்து கூடினால் மேலே. அதிகம் தின்றவருக்கு அதிக மருந்து. புள்ளிகளுக்கு நடுவே அவள் ஒரு கோடு இழுத்தாள். கோடு இழுப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. அது அவளுக்கும் தெரியும்.

கோட்டை விட்டு விலகும் புள்ளியை அழித்துவிட வேண்டும். புள்ளி அழிந்தால் ஆளும் அழிந்துவிடுவார். காலையில் தபால்காரரை அழித்தார்கள். அவர் சைக்கிள் மட்டும் கடிதம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அவர் மனைவியைக் கேட்டால், "எந்தத் தபால்காரர்?" என்கிறாள்.

கடைசிக் கூடையில் இசக்கியம்மாளின் கணவன் சங்கரபாண்டி உட்கார்ந்திருந்தான். மூன்று வேளையும் கத்தரிக்காய் தின்கிற ஆள். அவன் புள்ளி சுவரின் அடியில் போய் விழுந்தது. உடம்பில் மருந்தே இல்லை.

"என்னத்தத் தின்னீக?"

"கத்தரிக்காதான்."

"எந்தக் கத்தரிக்கா?"

கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும். சங்கரபாண்டி தலையைச் சொறிந்தான்.

"சொத்தைட்டி. புழு உசுரோட இருக்க காயா பாத்து எடுப்பேன். நீ ஏசுவேன்னு சொல்லல."

"எனக்கு?"

"ஒனக்கு நல்லதா, பளபளன்னு உள்ளதாத்தான் வாங்குவேன். ஒனக்குப் போயி சொத்தையக் குடுப்பனா?"

அவள் ஒரு வேளைதான் தின்பாள். ஆனாலும் அவள் புள்ளி சுவரின் உச்சியில் இருந்தது. கோபம் வந்தது. கோபத்தைவிட அதிகமாக அவன் மேல் ஆசை வந்தது.

மேலாளர் பிச்சுமணி போன வாரம்தான் தராசாக மாறியிருந்தார். இடது தட்டால் பேசினார்.

"அந்தப் புள்ளி ஒட்டல. எடுத்துருங்க."

"எடுக்க முடியாது சார்."

"கோடு கோணும்."

"கோணாது. நான் பாத்துக்கிடுதேன்."

ஊரே போனாலும் இந்த மனுஷன் போகக் கூடாது என்று நினைத்தாள். நினைத்ததைச் செய்தாள். மளிகைக்கடைக்காரரை அழித்தாள். காய்கறி வியாபாரிகளை வரிசையாக அழித்தாள். பஞ்சாயத்துத் தலைவர் கொஞ்சம் அழுத்தித் தேய்த்த பிறகுதான் போனார். வெளியே சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

சுவரில் அவள் புள்ளியும் அவன் புள்ளியும் மட்டும் மிஞ்சின. இரண்டு புள்ளிகள் இருந்தால் கோடு இரண்டையும் தொட்டே தீரும். அவள் உச்சியிலிருந்து அடிவரை இழுத்தாள். கத்தரிக்காய் அதிகம் தின்றால் மருந்து குறையும் என்று கோடு சொன்னது.

பிச்சுமணியின் இரண்டு தட்டுகளும் சமமாக நின்றன.

"ஒரு பிசகும் இல்ல. சந்தையைத் தொறந்துரலாம்."

அவர்கள் வெளியே வந்தார்கள். கடைகள் எல்லாம் திறந்திருந்தன. இசக்கியம்மாள் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே எனக்கும் சொத்தையே வாங்குங்க."

சங்கரபாண்டி சந்தையின் அந்தக் கோடிவரை பார்த்தான்.

"யார்ட்டட்டி வாங்க?"