நிற்பவர்களில் இடமிருந்து இரண்டாவது

1

இந்தக் கதை ஒரு கோழைத்தனத்தில் பிறந்தது, கோழை நான்தான். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற டவுன் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "ரெண்டும் ஒரே ஆளான்னு பாத்துச் சொல்லுங்க. உங்களுக்கு எங்களத் தெரியாதுல்லா, அதான் கேக்கேன்." பார்த்தேன். பளிச்சென்று தெரிந்தது. "கண்ணாடி கொண்டு வரலியே" என்று புளுகினேன். மேலகரம் வந்தது. அவள் எழுந்தாள், நின்றாள், மறுபடி உட்கார்ந்துவிட்டாள். பஸ் நகர்ந்தது.

அவளுக்கு உமாராணி என்று பெயர் வைத்தது நான். மிச்சத்தையும் நானேதான் இட்டுக்கட்ட வேண்டியிருக்கிறது.

முதல் தொடக்கம்: "சாரல் தொடங்கியிருந்த ஒரு காலையில், மலை மறைந்து" [வேண்டாம். தென்காசிக் கதை என்றாலே சாரலைக் கூப்பிடுகிற வியாதி எனக்கும் இருக்கிறது.]

இரண்டாவது தொடக்கத்தை அடிக்காமல் அப்படியே விட்டுவிடுகிறேன்.

2

உமாராணிக்கு இரண்டு வயது முடிவதற்குள் அம்மா முத்துச்செல்வி இறந்துபோனாள். அம்மாவின் முகம் என்று அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்குகிற ஒரே ஒரு படம்தான். பரீட்சைக்குப் போகும்போது அதைக் கும்பிட்டாள். கல்யாணப் பத்திரிகையை முதலில் அதன் முன்னால்தான் வைத்தாள். இப்போது நாற்பத்தொரு வயதிலும் தினமும் அதற்கு விளக்கேற்றுகிறாள்.

சென்னையில் இருக்கும் பெரியப்பா மகன் இசக்கிமணி போன மாதம் ஒரு வேலையைக் கிளப்பிவிட்டான். குடும்பத்தின் பழைய குரூப் போட்டோக்களை எல்லாம் போனில் ஏற்றி, ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் போட வேண்டும். சொந்தக்காரர்கள் அறுபது பேர் பார்க்கிற ஆல்பம். ஒரு முகத்துக்குப் பெயர் கொடுத்தால், அதே முகம் வேறு படத்தில் இருந்தாலும் போனே தேடிப் பிடித்துக் கேட்கும். ஊரில் இருப்பவள் என்பதால் வேலை உமாராணி தலையில் விழுந்தது.

முதல் காரியமாகச் சுவர்ப் படத்துக்கு 'அம்மா' என்று போட்டாள். போன் இரண்டு முகங்களை அருகருகே வைத்துக் கேட்டது: இருவரும் ஒரே நபரா? ஆம். இல்லை.

ஒன்று அம்மா. மற்றது, போன ஆவணியில் அச்சன்புதூர்க் கல்யாணப் பந்தியில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருக்கும் லோகநாயகி சித்தி. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. மேலகரத்தில் உயிரோடு, திடமாக இருக்கிறாள்.

"கூறுகெட்ட போனு" என்று உமாராணி சிரித்தாள். பிறகு பெரிதாக்கிப் பார்த்தாள். மோவாயில் அதே குழி. காது மடலில் அதே மடிப்பு.

3

[நாற்பது வருஷமாக ஒருத்தருமா கவனிக்கவில்லை என்று கேட்பீர்கள். கேளுங்கள். நானும் இந்த இடத்தில்தான் இரண்டு வாரம் முட்டிக்கொண்டு நின்றேன். அப்புறம் அவளுடைய அப்பாவைப் பேசவிட்டேன்.]

"அப்பா, செவத்துல இருக்கது யாரு?"

நம்பிராஜன் பேப்பரை இறக்கவில்லை. "என்னட்டி கேள்வி இது?"

"லோகநாயகி சித்தியா?"

பேப்பர் மடிந்தது. பழைய பட்டாளத்துக்காரர், முதுகு வளையாதவர், முதல் தடவையாகக் கூனிப்போய் உட்கார்ந்தார்.

"நான் அப்பம் காஷ்மீர்ல கெடக்கேன். தந்தி கெடச்சு வந்து சேருததுக்குள்ள பதினாறும் முடிஞ்சிட்டு. அவளுக்குத் தனியா ஒரு போட்டோகூடக் கெடையாது. குத்தாலத்துல பொம்பளையாள்லாம் நின்னு எடுத்த ஒரு படந்தான். ஒங்க பெரியப்பா அதக் கொண்டுபோயி, நிக்கவங்கள்ல இடமிருந்து ரெண்டாவதுன்னு ஸ்டுடியோவுல சொல்லிட்டாரு. பின்பக்கம் எழுதியிருந்த பேர எண்ணிட்டு."

யாரோ அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு தலைக்கும் நேர் பின்னால் பெயர் எழுதியிருந்தார்கள். பின்பக்கம் இடமிருந்து இரண்டாவதாக இருப்பவள், முன்பக்கம் திருப்பினால் வலமிருந்து இரண்டாவது.

"மொகத்தப் பாத்தாத் தெரியாதா அவங்களுக்கு?"

"தம்பி பொண்டாட்டி மொகத்த எவன்ட்டி நிமிந்து பாப்பான்? மூணு வருசம் அவ கையால சாப்பிட்டாரு. அண்ணாச்சி அந்தக் கையத்தான் பாத்திருப்பாரு."

வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்திருக்கும். பெரியப்பா இசக்கிதுரை தப்புப் பண்ணிவிட்டார் என்று அவர் முன்னால் சொல்ல யாருக்கு வாய் வரும்? ஸ்டுடியோக்காரன் முகத்தைத் தீட்டிக் கெடுத்துவிட்டான் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். அவர்களில் இப்போது ஒருத்தியும் உயிரோடில்லை.

"நீங்க ஏன்ப்பா மாத்தல?"

"நான் வந்து எறங்குத அன்னைக்கு நீ நாக்காலி மேல ஏறி நின்னு அந்தக் கண்ணாடிக்கு முத்தம் குடுத்துக்கிட்டு இருக்க. 'அம்மா, அம்மா'ங்க. நான் என்னத்தச் சொல்லட்டும்?"

"சித்திக்குத் தெரியுமா?"

"ஒரே ஒருதடவ வந்தா. தன் மொகத்துக்கு மாலையும் வெளக்கும் இருக்கதப் பாத்தா. பச்சத்தண்ணி குடிக்காமப் போயிட்டா. பெறகு இந்த வாசல மிதிக்கல."

சித்திக்கு நம்மைப் பிடிக்காது என்று சொல்லிச் சொல்லித்தான் உமாராணியை வளர்த்திருந்தார்கள்.

"நான் போற வரைக்கும் அது அப்படியே இருக்கட்டும்மா" என்றார் நம்பிராஜன். மடித்த பேப்பரைத் திரும்பப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

4

அவள் பரணிலிருந்து அந்தக் குரூப் போட்டோவை எடுத்தாள். வலமிருந்து இரண்டாவது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பெற்றவளைப் பார்க்கப்போகிறாள்.

[நான் இங்கே ஒரு அழகான முகத்தை வர்ணித்து எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அது பொய்.]

ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு நிற்கிறாள். எடுப்பவருக்குப் பக்கத்தில் பெரியப்பா நின்றிருக்க வேண்டும். அவள் தலையை முழுக்கக் குனிந்திருக்கிறாள். வகிடு தெரிகிறது, ஒரு காது தெரிகிறது, பூ தெரிகிறது. போனில் அந்த இடத்தை அழுத்தினாள். முகம் எதுவும் இல்லை என்றது போன். இடுப்பில் இருந்த பிள்ளையை மட்டும் வட்டமிட்டு, இவர் யார் என்று கேட்டது.

அந்தப் பிள்ளை அண்ணாந்து அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

உமாராணி வாய்விட்டு அழுதாள்.

5

முடிவு ஒன்று: 'ஆம்' என்று அழுத்துகிறாள். அறுபது பேருக்கும் தெரிகிறது. அப்பா தலைகுனிகிறார். நாளைக்கு அவள் எதன் முன்னால் விளக்கை [முடிக்க முடியவில்லை].

முடிவு இரண்டு: 'இல்லை' என்று அழுத்துகிறாள். உயிரோடிருக்கிற ஒருத்தியின் முகத்துக்கு நாளைக்கும் மாலை [எழுதக் கை கூசுகிறது].

முடிவு மூன்று: மேலகரத்தில் இறங்குகிறாள். லோகநாயகி சித்தி கதவைத் திறக்கிறாள். இந்த உலகத்தில் அந்தக் குனிந்த முகத்தை நன்றாகப் பார்த்து, இன்னும் ஞாபகம் வைத்திருக்கிற பெண் அவள் ஒருத்திதான். "எங்கம்மா எப்படி இருப்பா, சித்தி?" என்று கேட்க உமாராணி வாய் திறக்கிறாள். அதற்குள் சித்தி கேட்கிறாள்:

"ஏட்டி, எம் மேல கெடக்க மாலைய எடுத்துட்டியா?"

இதற்கு உமாராணி சொல்லும் பதிலை நான் பதினோரு தடவை எழுதிப் பார்த்தேன். எடுத்துவிட்டேன் என்று சொல்ல வைத்தால் அப்பாவின் கூனிப்போன முதுகு குறுக்கே வருகிறது. இல்லை என்று சொல்ல வைத்தால் கதவு மூடிக்கொள்கிறது.

அதனால் நான் எழுந்துகொள்கிறேன். என் இருக்கையில் நீங்கள் உட்காருங்கள். அவள் போனை உங்கள் முன்னால் நீட்டுகிறாள். உங்கள் கண்ணுக்கு ஒன்றும் கோளாறில்லை. இதுவரை வாசித்துத்தானே வந்தீர்கள். கண்டக்டர் மேலகரம், மேலகரம் என்று கத்துகிறார். அவள் எழுந்து நின்று உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.