பாகங்களுக்கு ஒரு பந்தி

எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் பாகங்களை வாங்குவதற்கு முன்னால் அவற்றைப் பந்தியில் உட்காரவைத்துச் சாப்பாடு போட வேண்டும். மோர் வரும்வரை எதுவும் எழுந்திருக்காவிட்டால் அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். ஒன்று எழுந்துவிட்டாலும் அவ்வளவுதான். அடுத்த பந்தி நாற்பத்தெட்டு நாள் கழித்து.

எனக்கு அவ்வளவு நாள் கிடையாது. வீட்டு வரைபட வேலை ஒன்றுகூட வராமல் மூன்று வருடம் ஓடிவிட்டது. இப்போதுதான் இன்ஜினியர் காதர் மொய்தீன் ஒன்று கொடுத்திருந்தார். திங்கட்கிழமை ஆரம்பிக்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். என் பழைய கம்ப்யூட்டரோ போன வாரம் கண்ணை மூடிவிட்டது. அதில் உயிரோடு மிஞ்சியது பவர் சப்ளை மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கடைக்காரர் ஜெயசீலன் பாகங்களை ஆட்டோவில் அழைத்துவந்தார். மதர்போர்டு முதலில் இறங்கி, கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, யார் எங்கே உட்கார வேண்டும் என்று சொன்னது. ப்ராசஸருக்கு நடு இலை. ராம் இரண்டும் இரட்டைப் பிறவிகள். ஆனாலும் தங்களுக்கு நடுவே ஓர் இலை காலியாக இருந்தால்தான் உட்காருவோம் என்றன. சரியென்று ஓர் இலையை நடுவில் விட்டேன். கிராபிக்ஸ் கார்டுக்கு இரண்டு பேர் உட்காரும் இடம் தேவைப்பட்டது. கேபினட் வாசலிலேயே நின்றுகொண்டது. எல்லோரும் கடைசியில் தன்னிடம்தானே வந்து தங்கப்போகிறார்கள் என்றது.

பரிமாறுவது எப்போதும் பவர் சப்ளைதான். அது சாப்பிடாது.

"யாருக்கா பரிமாறப் போறது?" என்று ஜெயசீலன் கேட்டார்.

"நம்ம பழைய ஆள்தான்."

அவர் தலையைச் சொறிந்தார். "வயசாயிருச்சேக்கா. சொல்லியிருந்தா புதுசா ஒருத்தரக் கூட்டிட்டு வந்திருப்பேனே."

"பதினோரு வருஷமா கரண்டு ஏறி எறங்குனப்பெல்லாம் தாங்குனது அதுதான். இன்னைக்கு எப்படி அதப் போய் வெளிய உக்காருன்னு சொல்றது?"

இது எங்கள் ஊரில் பலரும் செய்கிற தப்பு. எனக்கும் தெரியும். மனசு கேட்கவில்லை.

சாம்பார்வரை நன்றாகத்தான் போனது. கிராபிக்ஸ் கார்டு நான்காவது முறை சோறு கேட்டபோது, பழைய பவர் சப்ளை வாளியோடு நடுவழியில் நின்றுவிட்டது. அதன் விசிறி கரகரவென்று சுற்றியது. ரசம் வரவில்லை. ராம் இரண்டும் காலி இலைக்கு மேலாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. யாராவது ஒருவர் எழுந்தாலும் என் வேலை போச்சு.

கிராபிக்ஸ் கார்டு எழுந்தது. ஜெயசீலன் கண்ணை மூடிக்கொண்டார்.

அது நேராகப் போய் வாளியை வாங்கிக்கொண்டது. "பெரியவரே, நீங்க என் இலையில உக்காருங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

பரிமாற எழுந்தால் எழுந்ததாகாது என்று மதர்போர்டு சொல்லிவிட்டது. பழைய பவர் சப்ளை அந்தப் பெரிய இடத்தில் ஓரமாக உட்கார்ந்தது. ரசத்தைச் சோற்றில் பிசைந்தபடி, "உக்காந்து சாப்புடுறது இதான் மொத தடவ," என்றது. நான் அடுப்படிக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன். மோர் வந்தது. எல்லாம் இலையைத் தங்கள் பக்கமாக மடித்தன.

பந்தி முடியும்போது எந்த இலையில் இருந்ததோ அந்த வேலை, பரிமாறியதற்குக் கரண்டு கொடுக்கும் வேலை என்பது விதி. ஜெயசீலன் அப்படியே பொருத்திக் கொடுத்தார். கரண்டு கொடுப்பது இப்போது கிராபிக்ஸ் கார்டு; படம் காட்டுவது பழைய பவர் சப்ளை. படம் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிகிறது. ஆனால் ஒரு கோட்டைக்கூட அது விட்டதில்லை. இந்த இரண்டுக்கும் நான் எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

திங்கட்கிழமை காலை சமையலறைக்கு நான்கு சுவர் வரைந்தேன். ஐந்து நிமிடத்தில் காதர் மொய்தீன் போன் செய்தார். "மேடம், நீங்க இப்ப வரைஞ்ச வீட்டுல குடிவந்தவங்க உங்ககிட்ட பேசணும்ங்கிறாங்க, குடுக்கிறேன்," என்றார்.

கடுகு வெடிக்கும் சத்தத்தோடு ஒரு பெண்ணின் குரல் வந்தது. "அக்கா, வீடு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஜன்னல மட்டும் கொஞ்சம் சீக்கிரம் போட்டுருங்க. தாளிக்கிறேன், புகை போக வழியில்ல."

கிழக்குச் சுவரில் நாலடி அகலத்துக்கு ஒன்று போட்டேன்.

"வந்துருச்சுக்கா," என்று இருமினாள். "நல்லா இருங்க."