நான்கு நிமிட உள்ளேன்

ஏழாம் வகுப்பில் வருகைப்பதிவு முடிந்து நான்கு நிமிடம் கழித்து, யாரும் உட்காராத மூன்றாம் பெஞ்சின் ஓரத்திலிருந்து "உள்ளேன் டீச்சர்" என்று ஒரு சிறுமியின் குரல் கேட்கத் தொடங்கியது ஒரு திங்கட்கிழமை. அதே வாரம் சாக்பீஸ் விலையும் ஏறியது. ஆசிரியர் அறையில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். எலெக்ட்ரீஷியன் வந்து ஒலிபெருக்கி ஒயரைப் பிடுங்கிப் பார்த்தார். வகுப்பை மாடிக்கு மாற்றினார்கள். குரலும் படியேறி வந்தது. விரல் வைக்கும் இயந்திரம் பொருத்தினார்கள். நாற்பது பிள்ளைகளுக்கு நாற்பத்தொன்று என்று அது சீட்டு அடித்துத் துப்பியது. கடைசியில், எந்தப் பிரச்சினையையும் தட்டிக்கொடுத்துத் தூங்கவைக்கத் தெரிந்த தலைமையாசிரியர், இதைச் சமத்துவம், பன்மை மற்றும் உள்ளடக்கல் குழுவிடம் ஒப்படைத்தார். குழுவின் பெயர்ப்பலகை கதவைவிட நீளம். கடைசி மூன்று எழுத்துகள் பக்கத்துக் கழிவறைச் சுவரில் இருந்தன. குழு மூன்று முறை கூடி, குரலின் உணர்வுகளை மதிப்பதென்றும் ஜன்னலைச் சாத்தி வைப்பதென்றும் தீர்மானித்தது.

குழுத் தலைவி கணக்கு டீச்சர். குரல் யாருடையது என்று அவருக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தும், பெயர் கூப்பிட்டு முடித்த கையோடு வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லவைத்துவிடுவார். பதினேழு வருஷத்துக்கு முன் வரிசை எண் இருபத்து மூன்று, ஒரு தையற்காரியின் மகள். பெயர் கூப்பிட்டதும் எழுந்து நிற்பாள், 'உ' தொண்டையில் மாட்டிக்கொள்ளும், வகுப்பு சிரிக்கும். ஒரு வாரம் காத்திருந்தார். பிறகு, "வண்டி கிளம்பினதும் சொல்லும்மா, இப்ப உக்காரு" என்று வேடிக்கை பேசி ஆப்சென்ட் போட்டார். வேடிக்கை பழக்கமாயிற்று, பழக்கம் பதிவாயிற்று, வருஷக் கடைசியில் வருகை போதவில்லை என்று அவளைத் தேர்வெழுத விடவில்லை. தாய் ஓடிவந்தாள்.

"ஒரு நாள்கூட லீவு போடலியே டீச்சர். நான்தானே கொண்டாந்து விடுறேன்!"

"ரெஜிஸ்டர் பொய் சொல்லாதும்மா," என்றார் கணக்கு டீச்சர்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அவர் ஒரு முழுப் பெண்ணை அரை அங்குலக் கட்டத்தில் மறைத்தார்.

மாதிரிப் பள்ளிச் சான்றிதழ் தர மூன்று பேர் வந்த அன்று, ஏழாம் வகுப்பிலேயே மேஜை போட்டு உறுதிமொழியை நீட்டினார்கள். "இப்பள்ளியில் எந்தக் குழந்தையும் விலக்கப்பட்டதில்லை." கணக்கு டீச்சர் கையெழுத்துப் போட வேண்டும். பெயர் கூப்பிட்டாயிற்று. விருந்தாளிகள் முன் வாய்ப்பாடு இல்லை, வகுப்பு கப்சிப். அப்போதுதான் அந்த நான்கு நிமிடமும் சும்மா இருந்ததில்லை என்று தெரிந்தது. உ... உ... உ... என்று பெஞ்சோரத்தில் ஒரு மூச்சு முட்டி முட்டித் திரும்பியது.

"எதிரொலிங்க. கட்டடம் பழசு," என்றார் தலைமையாசிரியர்.

"எதோட எதிரொலி?" என்று கேட்டார் வந்தவர்களில் ஒரு அம்மாள்.

கணக்கு டீச்சர் பேனாவை மூடினார். குரல் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். "நான் ஆப்சென்ட் போட்ட பொண்ணுங்க. தினமும் வந்துச்சு," என்றார்.

சான்றிதழ் அடுத்த தெருப் பள்ளிக்குப் போயிற்று. தலைமையாசிரியர் ஒரு வருஷம் அவரிடம் குட்மார்னிங்கை முழுதாகச் சொல்லவில்லை. கணக்கு டீச்சர் பழைய ரெஜிஸ்டரைத் தேடியெடுத்து, சிவப்பு மையால் அடித்துத் திருத்தி, மார்போடு அணைத்துக்கொண்டு தையல் கடைக்குப் போனார். மெஷினில் தாய் இல்லை, மகள் இருந்தாள்.

"முன்னாடி ரெ... ரெண்டு பேர் இருக்காங்க. உ... உ... உக்காருங்க டீச்சர்."

உட்கார்ந்தார். இரண்டு ரவிக்கை, ஒரு தலையணை உறைக்குப் பிறகு அவள் ரெஜிஸ்டரை வாங்கி, கட்டம் கட்டமாக விரல் வைத்துப் பார்த்தாள்.

"அ... அப்ப எட்டாவதுல நான் எந்தப் பெ... பெஞ்சு, டீச்சர்?"

கணக்கு டீச்சர் ரெஜிஸ்டரை வாங்கிக் கடைசிப் பக்கம்வரை புரட்டினார். அது ஏழாம் வகுப்போடு முடிந்தது.

பள்ளியில் குரல் நிற்கவில்லை. அந்த வகுப்புக்கு முதல் பாடவேளை நான்கு நிமிடம் தள்ளித்தான் தொடங்கும் என்று கால அட்டவணையிலேயே போட்டுவிட்டார்கள். புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு டஸ்டர் இருக்கும் இடத்தோடு சேர்த்து இதையும் சொல்லிவிடுகிறார்கள். பிள்ளைகள் சிரிப்பதில்லை, சிலர் அந்நேரத்தில் பென்சில் சீவிக்கொள்கிறார்கள். மழைக்காலத்தில் ஐந்து நிமிடம்கூட ஆகும்.