பெயர் போடாத நோயாளி

மாணவர் பட்டியலில் பதினேழாவது பெயரைப் படித்ததும் வாசுகி பேனாவைக் கீழே வைத்தாள். லோஷினி, அர்ச்சுனன் மகள், ஊர் பெக்கான் நானாஸ். தந்தையின் தொழில் என்ற கட்டத்தில், 'உடற்பேறு குறைந்தவர்'.

கூலாய் நகரில் அவள் கற்பிக்கும் சிறிய தாதியர் கல்லூரிக்கு மருத்துவ நெறிமுறை அறிமுகப் பாடம் இந்த வருடம்தான் வருகிறது. முதல் வகுப்புக்கு வெளிநாட்டுப் புத்தகத்துக் கதையைச் சொன்னால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்று, தன் கையால் நடந்த ஒன்றையே வாசுகி எழுதிவிட்டாள். அன்னாசிக் காட்டில் முள் குத்திய கால், இனிப்புநீர் என்ற சர்க்கரை நோய் வேறு. காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று டாக்டர் மலாயில் சொன்னார். சந்தை மலாய் மட்டும் தெரிந்த நோயாளிக்குத் தமிழில் எடுத்துச் சொன்ன தாதி, "புண்ண சுத்தம் பண்ணப் போறாங்கண்ணே, கையெழுத்துப் போடுங்க" என்றாள். உண்மை தெரிந்தால் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார், போனால் பிழைக்கமாட்டார் என்ற பயம். நோயாளிக்குப் பெயர் போடவில்லை. தாதிக்கும்தான். அந்த நோயாளிதான் அர்ச்சுனன்.

"அன்னாசிய ரப்பராக்குங்க, வலது கால இடது காலாக்குங்க. முடிஞ்சிச்சி லா," என்றார் பக்கத்து மேசை ஹேமநாதன். பாடத்தில் பாதி அவருடையது. பன்னிரண்டு மணிக்குள் பாடக் குறிப்பை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

"அப்பன் கால் போன கதை மகளுக்குத் தெரியாமப் போயிடுமா, சார்?"

"அப்ப தூக்கிடுங்க. தடுப்பூசிய வச்சி ஒன்னு எழுதுங்க."

"தூக்கிட்டா ரெண்டாவது தடவ மறைக்கறேன்."

"மொதல்ல ஏன் போட்டீங்க, டீச்சர்?"

"பேரு இல்லன்னா ஆளும் இல்லன்னு நெனச்சிட்டேன்."

வகுப்பில் ஒரு கை உயர்வது இப்போதே தெரிந்தது. அந்தத் தாதி மிஸ்ஸி யாரு டீச்சர்? இன்னும் வேலை செய்றாங்களா? பாடத் திட்டத்தில் அதற்குப் பதில் எழுத இடம் விடவில்லை.

வாசுகி லோஷினியின் சேர்க்கைப் படிவத்தைத் திருப்பி, கைப்பேசியை எடுத்தாள்.

"பாரத்துல உள்ள நம்பர எடுத்துச் சொந்த வேலைக்குக் கூப்பிடப் போறீங்க. அது தப்புன்னு நம்ம பாடத்துல மூணாவது வாரம் வருது," என்றார் ஹேமநாதன்.

"தெரியும், சார்."

லோஷினியின் அம்மா எடுத்தாள். கல்லூரி என்றதுமே அவள் குரல் சுருங்கியது. "புள்ளைக்கு எடம் இல்லன்னு சொல்லப் போறீங்களா, டீச்சர்?"

"இல்லம்மா, அவளுக்கு எடம் உண்டு. அர்ச்சுனன் அண்ணன்கிட்ட ஒன்னு சொல்லணும். பதினஞ்சு வருசத்துக்கு முன்னால அவரு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, அந்த வார்டுல நான் மிஸ்ஸியா இருந்தேன்."

அவள் வீட்டின் பின்பக்கம் பார்த்துக் கூப்பிடுவது கேட்டது.

"பின்னால கோழிக்குத் தீனி போடறாரு. இருங்க, வருவாரு."

கைப்பேசியை எதன் மீதோ வைத்த சத்தம். ஹேமநாதன் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். எந்த வார்த்தையில் தொடங்குவது என்று வாசுகி தேடிக்கொண்டிருந்தாள். தூரத்தில் சிமெண்டுத் தரையில் கட்டை ஊன்றுவது கேட்டது, அதன் பின்னால் ஒற்றைச் செருப்பு இழுபடுவது. படியில் ஒரு கணம் நின்றது. பிறகு ஏறி, இன்னும் கிட்டத்தில் கேட்கத் தொடங்கியது.