ஊதாக் கட்டம்

அக்கா போய்ச் சேர்ந்து ஆறு மாதம் கழித்து அத்தான் அவளுடைய கேமராவைத் தங்கையிடம் கொண்டுவந்து கொடுத்தார். அம்மாவைக் கடைசிக் காலத்தில் யார் வைத்துக்கொள்வது என்று தொடங்கிய சண்டையில், அக்காவும் தங்கையும் நாலு வருஷமாக முகம் கொடுத்துப் பேசியதில்லை.

தங்கைக்குப் பல் ஆஸ்பத்திரியில் வேலை. நோயாளிகளின் பல்லைப் படம் எடுக்கக் கேமரா உதவும் என்று வாங்கி வைத்தாள். கேமராவை ஆட்டோ மோடில் வைத்து எடுத்தால் பல்லெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்தது. போதாக்குறைக்கு இன்னொரு விஷயம் அவளை உறுத்தியது. யாரைப் பார்த்துத் திருப்பினாலும் முகத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டம் விழுந்தது. கண்ணாடி முன்னால் நின்று தன்னையே பார்த்தபோது மட்டும் கட்டம் ஊதாவாக மாறியது.

கேமரா கடைக்காரர் மேலே இருந்த சக்கரத்தைத் திருப்பிக் காட்டினார்.

"ஆட்டோல வெளிச்சத்தை அதுவே முடிவு பண்ணிடும்மா. எம்-ல, அதாவது மேனுவல்ல வச்சா எல்லாம் உங்க கையில. பல்லுக்கு அதான் சரி."

"அந்த ஊதாக் கட்டம்?"

"பதிஞ்சு வச்ச முகம். எவ்வளவு கூட்டத்துலயும் முதல்ல அந்த முகத்தைத்தான் தேடும்."

"நான் பதியலையே."

"அப்போ வச்சிருந்தவங்க பதிஞ்சிருப்பாங்க."

வீட்டுக்கு வந்ததும், எடுத்த படங்களைப் பார்க்கும் பட்டனை அழுத்தினாள். எல்லாம் அக்கா எடுத்தவை. கல்யாண மண்டபங்கள், துக்க வீடுகள். ஒவ்வொரு கூட்டத்திலும் தூரத்தில் தங்கையின் முகம் மட்டும் துல்லியமாக இருந்தது. சாப்பிடுகிறாள், கொட்டாவி விடுகிறாள், வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாள். மற்றவர்களெல்லாம் மங்கல்.

மறுபடி ஆட்டோவில் வைத்துச் சும்மா கூடத்தைப் பார்த்துத் திருப்பினாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. சமையலறை வாசலில், ஆள் உயரத்தில், ஊதாக் கட்டம் விழுந்து மெல்ல நடுங்கியது. அக்காவுக்கும் அவளுக்கும் ஒரே முக ஜாடை என்று ஊரே சொல்லும்.

"அக்கா?"

கட்டம் இரண்டடி நகர்ந்தது. விரல் தானாக அழுத்திவிட்டது. படத்தில் வெறும் வாசல்தான் இருந்தது, அதுவும் மங்கலாக. வாசலுக்கு இப்பால், ஆள் நிற்கிற தூரத்தில், ஒன்றுமில்லாத இடத்தில் ஃபோகஸ் ஆகியிருந்தது.

அத்தானுக்குப் போன் போட்டாள்.

"அத்தான், அக்கா என்னைப் பத்தி எப்பவாவது பேசுவாளா?"

"உன் பேரைக்கூட எடுத்ததில்லம்மா. ஆனா நீ வர்றேன்னு தெரிஞ்சா, கேமரா இல்லாம வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டா."