மூன்று நகல்களில் ஒரு கூடம்

1992ஆம் ஆண்டு ஆடி மாதம், துடியலூர் முதியோர் குடியிருப்பின் நான்காம் அறையில் சின்னத்தாயி குடியேறினார். அப்போது அந்தக் கட்டடம் வரைபடத்தில் மட்டுமே இருந்தது.

பம்ப் பட்டறையை மூடிவிட்டுத் தனியாக இருந்த லட்சுமணசாமி, தன் சோளக்காட்டில் ஆறு அறைகளும், எல்லோரும் சேர்ந்து சாப்பிட ஒரு கூடமும் கட்ட நினைத்தார். பெயர் கொடுத்தவர்கள் இரண்டு பேர்: மில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற சின்னத்தாயி, தையல்காரர் கரீம். இருவருக்கும் தனியே சாப்பிட்டுச் சலித்திருந்தது. அனுமதிக்கு வரைபடத்தின் மூன்று நகல் தர வேண்டும் என்பது விதி. நகல்கள் வந்த அன்று லட்சுமணசாமி ஒன்றை விரித்து, "உங்க அறையைப் பாருங்க" என்றார். "நீங்க மொதல்ல பாருங்கம்மா" என்றார் கரீம். "அதெப்படீங்க, நீங்க பாருங்க" என்றார் சின்னத்தாயி. கால் மணி நேரம் ஒருவரும் குனியவில்லை. எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. கடைசியில் லட்சுமணசாமி ஆளுக்கொரு நகலைக் கொடுத்தார். தவறு அங்கேதான் நடந்தது. சின்னத்தாயி முதல் நகலின் வாசலில் விரல் வைத்தார், உள்ளே போய்விட்டார். கரீம் இரண்டாம் நகலில் போனார். வரைபடம் மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்தது ஆகையால், ஒன்றில் நரைத்த கொண்டையும் மற்றதில் வெள்ளைத் தொப்பியும் மட்டும் தெரிந்தன. லட்சுமணசாமி போகவில்லை. அலுவலகத்துக்கு அலைய ஒருவர் வெளியே வேண்டுமே.

அனுமதி அலுவலகத்தில் நகல்கள் பிரிந்தன. சின்னத்தாயி கீழ்த்தளத்தில் எழுத்தர் மெர்சியின் மேசைக்கு வந்தார். கரீம் மாடியில் தீத்தடுப்புப் பிரிவுக்குப் போனார். ஆளில்லாத மூன்றாம் நகல் அதிகாரி யாகூப்பின் அலமாரிக்குள் போனது. தினமும் மதியம் சின்னத்தாயி கூடத்தில் இரண்டு தட்டு வைத்துக் காத்திருப்பதை மெர்சி பார்த்தார். காகிதத்திலிருந்து ரச வாசனை வந்தது.

"ஏனுங்க அம்மணி, கரீம் அண்ணன் வந்துட்டாருங்களா?"

"அவரு மாடியில இருக்காருங்கம்மா."

"இந்த ஊட்டுக்கு மாடியே இல்லீங்களே" என்ற சின்னத்தாயி, கூடத்தின் நான்கு மூலைகளையும் பார்த்துவிட்டு ஆறிய சோற்றை மூடி வைத்தார்.

1993இல் கழிவுநீர்த் தொட்டி இரண்டடி தள்ளிப் போக வேண்டும் என்றார்கள். 1994இல் பாதையின் அகலம் போதவில்லை. 1995இல், அனுமதிக்கு முன்பே குடியேறியது ஏன் என்று விளக்கம் கேட்டார்கள். "அவர்களுக்கு வயதாகிவிட்டது" என்று லட்சுமணசாமி எழுதிக் கொடுத்தார். செவ்வாய்தோறும் பஸ்ஸில் வந்து, கீழே கொண்டையையும் மேலே தொப்பியையும் பார்த்துவிட்டுத் திரும்பினார். கரீம் அறையை விட்டு வெளியே வருவதில்லை. 1996 பங்குனியில் ஒரு நாள் சின்னத்தாயி ஒரு தட்டுதான் வைத்தார். மறுநாள் அதையும் வைக்கவில்லை.

அன்று மெர்சி தன் டிபன் டப்பாவின் முன் கண்மூடி ஜெபித்தார். ஆனால் திறக்க மனம் வரவில்லை. மாடிக்குப் போய் யாரையும் கேட்காமல் கரீமின் நகலை எடுத்து வந்து, சின்னத்தாயியின் நகல்மேல் வைத்து, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார். வெயிலில் கோட்டோடு கோடு பொருந்தியது. கூடத்துக்குள் தொப்பி நடந்து வந்தது. சின்னத்தாயி அவசரமாக உலை வைத்தார். "உப்புக் கொஞ்சம் தூக்கலுங்கம்மா" என்ற கரீமின் குரல் கேட்டது. "நாலு வருசம் கழிச்சு வந்துபோட்டு உப்பைப் பேசறாரு பாருங்க!" என்று சின்னத்தாயி சிரித்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அனுமதி தயாராக இருந்தது. ஒரு நகல் பேரூராட்சிக்கு, ஒன்று ஆவண அறைக்கு, ஒன்று மனுதாரருக்கு என்றார் யாகூப்.

"அப்படீன்னா மறுபடியும் இவங்களைப் பிரிப்பீங்களா?" என்று கேட்டார் லட்சுமணசாமி.

"விதி அப்படீங்க."

"அப்ப அனுமதி வேண்டாங்க. இன்னொரு ஆட்சேபணை எழுதிக் குடுங்க."

அப்படி யாரும் கேட்டதில்லை. யாகூப் ஜன்னலில் சேர்ந்திருந்த இரண்டு நகல்களையும் பார்த்தார், பிறகு எழுதினார்: "வடக்குச் சுவரின் நீளம் சரிபார்க்கப்பட வேண்டும். மனுதாரரின் பதில் வரும்வரை மூன்று நகல்களும் ஒரே கோப்பில் இருக்கட்டும்." அந்த அலுவலகத்தில் எழுதப்பட்ட மிக இரக்கமான குறிப்பு அதுதான்.

லட்சுமணசாமி மூன்றாம் நகலை வாங்கி மற்ற இரண்டின்மேல் வைத்து, வாசலில் விரலை வைத்தார். ஒரு வழுக்கைத் தலை கூடத்தைக் கடந்தது. சின்னத்தாயி மூன்றாவது தட்டை எடுத்தார்.

பதில் வரவில்லை. பகல் ஒரு மணிக்கு அந்தக் கோப்பினை ஜன்னலோர வெயிலுக்கு நகர்த்துவது அலுவலக வேலைகளில் ஒன்றானது. விடுப்பில் போகிறவர்கள் அதை அடுத்த மேசைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.