சாம்பிராணி மேகம்

கண்ணாடித் தொட்டியை மூடியிருந்த பிளாஸ்டிக் தாளை முட்டிக்கொண்டு, சாம்பிராணிப் புகை ஓரங்கள் வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. அருள்ராணி அந்த ஓரங்களை அழுத்திவிட்டாள். ஆவூர்ப் பக்கத்துப் பள்ளியில் பதினோரு வருடமாகத் தற்காலிக அறிவியல் ஆசிரியை அவள். இப்போது ஒரே ஒரு நிரந்தர இடம் காலியாகியிருந்தது. அதற்குத்தான் இந்தப் பதினைந்து நிமிட மாதிரி வகுப்பு. ஒன்பது நிமிடம் போய்விட்டது. எதிரே தாளாளர் ஃபாதரும் புதுக்கோட்டையிலிருந்து வந்த பாட நிபுணரும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே இன்னும் நான்கு பேர் காத்திருந்தார்கள்.

தூசி மேகத்துக்குள் நட்சத்திரம் பிறப்பதைக் காட்டுவதாகச் சொல்லிவிட்டாள். மேகம் தன் எடையாலேயே உள்ளுக்குள் சரியும் என்றும் சொல்லியாயிற்று. புகை அதற்கேற்றபடி அடியில் இறங்கித் திரள வேண்டும். மாதா கோயிலில் கேட்டு வாங்கித் தொட்டிக்குள் வைத்த தூபக் கலசத்தில், திருநாள் பூசைக்குப் போடுவதைப் போலவே கரியைத் தகதகவென்று கனலவிட்டுச் சாம்பிராணியை அள்ளிப் போட்டதுதான் தப்பு. பீடத்தில் புகை மேலே போனால் அழகு. இங்கே அது மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. சூடான புகை எப்படி இறங்கும்? இத்தனை வருடம் பாடம் நடத்தியவளுக்கு இதுகூடவா தோன்றாது? அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

நிபுணர் பேனாவை மூடினார். "மேகம் மேலதான போகுது? நட்சத்திரம் எங்கங்க டீச்சர்?"

அழுதுவிடுவோமோ என்று பயந்தாள். அப்போதுதான் அவர் முன்னால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துவைத்திருந்த இரண்டு பாட்டில்கள் கண்ணில் பட்டன.

"சார், அந்தத் தண்ணி பாட்டில கொஞ்சம் குடுங்க."

"தாகமா இருந்தா குடிச்சுக்கங்கம்மா."

"எனக்கில்லீங்க சார். மேகத்துக்கு."

கலசத்தை வெளியே எடுத்துவிட்டு, பாட்டில்களைத் தொட்டிக்குள் நிறுத்தி, தாளை மறுபடி இழுத்து மூடினாள். பிறகு பேச்சைத் தொடர்ந்தாள்.

"சூடான மேகம் சரியாதுங்க சார். அந்தச் சூடே வெளிய தள்ளிக்கிட்டு இருக்கும். நான் பண்ணுன தப்பும் அதான். தூசி என்ன செய்யுதுன்னா, சுத்தியிருக்க நட்சத்திர வெளிச்சத்த உள்ள விடாம மறைக்குது. உள்ள இருக்க சூட்ட, கண்ணுக்குத் தெரியாத கதிரா வெளிய அனுப்பிருது. அப்படி ஜில்லுன்னு ஆனாத்தான் மேகம் சரியும். சரிஞ்சு, நெருங்கி, நடுவுல சூடேறி, அப்பறந்தான் நட்சத்திரம்."

புகை அசையாமல் நின்றது. அவள் ஜெபிக்கக்கூட மறந்துவிட்டாள். பிறகு ஒரு பாட்டிலின் கழுத்தருகே மெல்லிய இழை ஒன்று வளைந்து கீழே வழுக்கியது. அதன் பின்னாலேயே இன்னொன்று.

ஃபாதர் மணியைத் தட்டினார். "நேரம் முடிஞ்சிருச்சு டீச்சர். எடுத்துருங்க."

அருள்ராணி தாளின்மேல் கை வைத்தாள்.

"தொறக்காதீங்க" என்றார் நிபுணர். மூக்குக் கண்ணாடி தொட்டியில் இடிக்கும் அளவுக்குக் குனிந்திருந்தார். அவர் மூச்சு பட்டுத் தொட்டியின் வெளிப்புறம் மங்கியது. அதைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார். உள்ளே, அடியில், வெண்மை கூடிக்கொண்டிருந்தது.